இரண்டு பிட்சர்களும் மூன்றாம் நாளும்

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவர்கள் பக்கத்துப் பதினேழு வயதுக்குட்பட்ட பேஸ்பால் அணியில் இரண்டு பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) மட்டும் அபாரமாம், மற்றவர்கள் சுமாராம். மூன்றாவதாக இடதுகைப் பையன் ஒருவன் இருக்கிறான். பயிற்சியில் பந்து போடுவான், ஆட்டத்தில் இதுவரை இறக்கியதில்லை. டிசம்பர் கடைசியில் கோவையில் நான்கு நாள் போட்டி. முதல் இரண்டு நாள் லீக், மூன்றாம் நாள் அரையிறுதி, நான்காம் நாள் இறுதி. "2001-இல் அரிசோனா அணி இரண்டே பிட்சர்களை வைத்து உலகத் தொடரையே வென்றதாமே, இரண்டு நல்ல தொடக்க பிட்சர்கள் இருந்தால் ஓர் அணி எவ்வளவு தூரம் போக முடியும்?" என்பது கேள்வி. (உலகத் தொடர் என்பது அமெரிக்கப் பெரிய லீக்கின் சாம்பியனை முடிவு செய்யும் கடைசித் தொடர். தொடக்க பிட்சர் என்பவர் ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசுபவர்.)

சுருக்கமான பதில்: கோப்பையைத் தூக்கிக்கொண்டு வரும் அளவுக்குப் போகலாம். ஆனால் அந்தக் கோப்பைக்கான ஆட்டம் தொடங்கும் நாள்வரை அணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த இருவர் அல்லர். அரிசோனா கதையைச் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். நான் முப்பது வருடம் ஊட்டியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். இந்த அரைக்கதையை நம்பி நானே ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அரிசோனா. 2001-இல் அந்த அணியின் இருவர் ராண்டி ஜான்சனும் கர்ட் ஷில்லிங்கும். ஜான்சன் ஆறடி பத்தங்குல உயரம், இடதுகை. பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதுவார்கள். அந்தப் பருவத்தில் அவர் 21 வெற்றி, 6 தோல்வி, 372 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரைப் பிட்சரே தன் பந்தால் அவுட் ஆக்குவது). ஷில்லிங் 22 வெற்றி, 6 தோல்வி, 293 ஸ்ட்ரைக் அவுட். இருவரும் சேர்ந்து 500 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார்கள் (ஓர் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேரை அவுட் செய்ய வேண்டும்); அணி வீசிய மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். ஜூலையில் சான் டியேகோவில் நடந்த ஓர் ஆட்டத்தில் இருவருமே வீசினார்கள். ஷில்லிங் இரண்டு இன்னிங்ஸ் முடித்ததும் மைதானத்து விளக்குக் கம்பத்தில் ஏதோ வெடித்து வெளிச்சம் போய்விட்டது. மறுநாள் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது ஜான்சன் வந்து மீதி ஏழு இன்னிங்ஸையும் வீசி 16 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். எதிரணியின் நிலையை நினைத்தால் பாவமாக இருக்கிறது: கரண்ட் போனால் புலி போய்ச் சிங்கம் வருகிறது!

இப்போது ஒரு கழித்தல் கணக்கு. அந்தப் பருவத்தில் அரிசோனாவின் மொத்தக் கணக்கு 92 வெற்றி, 70 தோல்வி. அதில் இந்த இருவர் பெயரில் உள்ள 43 வெற்றியையும் 12 தோல்வியையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது 49 வெற்றி, 58 தோல்வி. அதாவது மற்ற நாள்களில் அரிசோனா பாதிக்கும் கீழான அணி. ஆனாலும் அந்தச் சுமாரான 49 வெற்றிகள் இல்லாமல் 92 வந்திருக்காது. 92 வராவிட்டால், சிறந்த அணிகள் மட்டும் கோப்பைக்கு மோதும் அக்டோபரில் ஜான்சனும் ஷில்லிங்கும் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சிதான் பார்த்திருப்பார்கள்.

இதே கழித்தலை இன்னொரு புகழ்பெற்ற இரட்டையருக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். 1948-இல் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியில் வாரன் ஸ்பான், ஜானி செய்ன் என்று இருவர். "முதலில் ஸ்பான், அடுத்து செய்ன், அப்புறம் மழை பெய்யட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் ஒரு பாஸ்டன் செய்தித்தாளில் எதுகையோடு எழுதினார்கள். அணியில் வேறு பிட்சரே இல்லாததுபோல அந்த வரி அமெரிக்கா முழுவதும் பழமொழியாகிவிட்டது. கணக்கைப் பாருங்கள். செய்ன் 24 வெற்றி, 15 தோல்வி. ஸ்பான் 15 வெற்றி, 12 தோல்வி. சேர்த்தால் 39-க்கு 27. அணியின் மொத்தம் 91-க்கு 62. கழித்தால் மற்றவர்கள் 52-க்கு 35. நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால், "மழை வேண்டிய" நாள்களில் அந்த அணி இருவர் வீசிய நாள்களைவிட ஒரு மயிரிழை அதிகமாகவே வென்றிருக்கிறது. வெர்ன் பிக்ஃபோர்ட் என்ற ஒருவர் 11 வெற்றி, 5 தோல்வி. அவர் பெயரை வைத்து எதுகை அமையவில்லை போலும்.

கோத்தகிரிக்காரர்களுக்கு மழை வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை, ஐப்பசி, கார்த்திகையில் அது கேட்காமலே வரும் என்பது வேறு விஷயம்.

இருவரின் பலம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதற்குக் காரணம் நாள்காட்டிதான். கிரிக்கெட்டில் ஒருநாள் ஆட்டத்தில் ஒருவருக்குப் பத்து ஓவர் என்று விதியே கட்டுப்படுத்துகிறது. பெரியவர்கள் ஆடும் பேஸ்பாலில் அப்படி விதி இல்லை. ஒரே ஆள் ஆட்டம் முழுவதும் வீசலாம். தடுப்பது அவருடைய முழங்கையும் தோளும்தான். அமெரிக்கப் பெரிய லீக்கில் ஆறு மாதத்தில் 162 ஆட்டம், ஏறத்தாழ தினமும். ஒரு தொடக்க பிட்சர் ஒரு முறை வீசினால் பிறகு நான்கு நாள் ஓய்வு. ஆக ஒருவருக்குப் பருவத்தில் 32 அல்லது 33 ஆட்டம். இருவருக்கு 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 98 ஆட்டங்களுக்கு வேறு யாராவது வீச வேண்டும்.

ஒரு மனக்கணக்கு போடுவோம். இது என் ஊகக் கணக்குதான். இருவர் வீசும் ஆட்டங்களில் அணி நூற்றுக்கு 65 வெல்கிறது, மற்றவற்றில் 45 வெல்கிறது என்றால் மொத்தம் சுமார் 86 வெற்றி வரும். தட்டுத்தடுமாறி நுழைவாசலுக்கு வந்துவிட்ட அணி. இதை மேலே தள்ள இரண்டு வழிகள். இருவரையும் இன்னும் கசக்கி 65-ஐ 70 ஆக்கினால் கூடுதலாக மூன்று வெற்றி கிடைக்கும். மற்றவர்களைக் கொஞ்சம் தேற்றி 45-ஐ 50 ஆக்கினால் ஐந்து வெற்றி கிடைக்கும். 65-ஐ 70 ஆக்குவது எவ்வளவு கஷ்டம், 45-ஐ 50 ஆக்குவது எவ்வளவு எளிது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். இரண்டு கெட்டிக்காரக் கைகள் எவ்வளவு பறித்தாலும், அன்றைய எடை நிற்பது மற்ற பெண்களின் கூடையில்தான்.

ஆனால் அக்டோபர் வந்ததும் நாள்காட்டி சுருங்கிவிடுகிறது. உலகத் தொடர் ஏழு ஆட்டம். இரண்டாம் ஆட்டத்துக்குப் பிறகும் ஐந்தாம் ஆட்டத்துக்குப் பிறகும் பயண ஓய்வு நாள் இருக்கும். ஒருவருக்கு வழக்கமான நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாள் ஓய்வு கொடுத்தால் அவர் 1, 4, 7 ஆகிய ஆட்டங்களையும், மற்றவர் 2, 6 ஆகியவற்றையும் தொடங்கலாம். ஏழில் ஐந்து! பருவத்தில் பத்துக்கு நான்காக இருந்த இருவரின் பங்கு இப்போது பத்துக்கு ஏழாகிவிடுகிறது. 2001-இல் அரிசோனா செய்தது இதைத்தான். அந்த அக்டோபர், நவம்பரில் அவர்கள் ஆடிய 17 ஆட்டங்களில் 11-ஐ இந்த இருவரே தொடங்கினார்கள். அணி வென்ற 11-இல் ஒன்பது இவர்கள் பெயரில்.

அந்த உலகத் தொடரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "இரண்டு பேர் போதும்" என்பதற்கும் "போதாது" என்பதற்கும் ஒரே சாட்சி அதுதான். எதிரணி நியூயார்க் யாங்கீஸ். முதல் ஆட்டம் ஷில்லிங், 9-1. இரண்டாவது ஜான்சன், 4-0. மூன்றாவதில் வேறொருவர் வீசி 2-1 என்று தோல்வி. நான்காவதில் மூன்றே நாள் ஓய்வில் வந்த ஷில்லிங் ஏழு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போனார். பிறகு அரிசோனா 3-1 என்று முன்னே போனது. ஆட்டத்தை மூடிக் கொடுக்க வந்தவர் கொரியாவைச் சேர்ந்த கிம் பியுங் ஹியுன், இடுப்புக்குக் கீழிருந்து கையை வீசிப் போடும் இளைஞர். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆன பிறகு இரண்டு ரன் ஹோம்ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அடி), ஆட்டம் சமன். பத்தாவதில் டெரிக் ஜீட்டர் இன்னொரு ஹோம்ரன், தோல்வி. மறுநாள் ஐந்தாவது ஆட்டம். மிகுவேல் பட்டிஸ்டா என்ற மூன்றாம் நிலை பிட்சர் ஏழு இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பிரமாதமாக வீசினார். அரிசோனா 2-0. மறுபடி அதே ஒன்பதாவது இன்னிங்ஸ், மறுபடி அதே கிம், மறுபடி இரண்டு அவுட்டுக்குப் பிறகு இரண்டு ரன் ஹோம்ரன். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் தோல்வி. முந்தைய இரவு 60 பந்துகளுக்கு மேல் வீசியிருந்த கையை மறுநாளும் அழைத்ததன் விலை அது.

ஆறாவதில் ஜான்சன், 15-2. ஏழாவதில் ஷில்லிங் மறுபடி மூன்று நாள் ஓய்வில். எட்டாவது இன்னிங்ஸில் அவர் ஒரு ஹோம்ரன் கொடுத்து யாங்கீஸ் 2-1 என்று முந்தியது. அந்த நிலையில் யாரை அழைப்பது? முந்தைய இரவு ஏழு இன்னிங்ஸ் வீசியிருந்த ஜான்சனையே அழைத்தார்கள். அவர் வந்து கடைசி நான்கு பேரையும் அவுட் செய்தார். ஒன்பதாவதில் அரிசோனா இரண்டு ரன் எடுத்து 3-2 என்று வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருதை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் இந்த முடிவை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது பட்டிஸ்டா. அவர் வீசிய அந்த ஐந்தாவது ஆட்டத்தை அணி காப்பாற்றியிருந்தால், தொடரே ஆறாவது ஆட்டத்தில் முடிந்து, ஜான்சன் அடுத்தடுத்த இரண்டு இரவுகள் பிட்சர் நிற்கும் மேடேற வேண்டியே இருந்திருக்காது.

அடுத்த வருடக் கதையை யாரும் சொல்வதில்லை. 2002-இல் இருவரும் இன்னும் நன்றாக வீசினார்கள்: ஜான்சன் 24-5 (வெற்றி-தோல்வி), ஷில்லிங் 23-7. அணி 98 வெற்றி. முதல் சுற்றிலேயே செயின்ட் லூயிஸிடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்று வெளியே வந்தார்கள். ஜான்சன் 12-2 என்று அடி வாங்கினார். ஷில்லிங் ஏழு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் கொடுத்தும் அணி 2-1 என்று தோற்றது, ஏனென்றால் முக்கியமான பேட்டர் லூயிஸ் கொன்சாலஸ் தோள்பட்டைக் காயத்தால் ஆடவில்லை, ரன் எடுக்க ஆளில்லை. பிட்சர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவரால் பூஜ்யத்துக்குக் கீழே ரன் கொடுக்க முடியாது. 2004-இல் ஷில்லிங் பாஸ்டனுக்குப் போய்விட்டார். ஜான்சன் தனியாக நின்றார். அந்த மே மாதம் 27 பேரையும் ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடாமல் அவுட் செய்த 'பெர்ஃபெக்ட் கேம்' ஒன்றை வீசினார். பருவத்தில் 290 ஸ்ட்ரைக் அவுட்டும் எடுத்தார். அணி 111 ஆட்டங்களில் தோற்றது.

மூன்றாவது ஆள் கை கொடுத்த கதை வேண்டுமானால் 1965-க்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் சாண்டி கோஃபாக்ஸ் 26-8, டான் டிரைஸ்டேல் 23-12. அணி 97-65. கழித்தால் மற்றவர்கள் 48-45; கெட்டுப்போகாத அளவு. உலகத் தொடரில் முதல் ஆட்டம் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளில் வந்தது. கோஃபாக்ஸ் யூதர், அன்று வீசவில்லை. டிரைஸ்டேல் வீசி 8-2 என்று தோற்றார். மறுநாள் கோஃபாக்ஸும் தோற்றார். இரண்டு சூரர்களும் இரண்டு நாளில் கவிழ்ந்த பிறகு மூன்றாவது ஆட்டத்தில் மேடேறியவர் கிளாட் ஆஸ்டீன். அந்தப் பருவத்தில் 15 வெற்றி, 15 தோல்வி. அதைவிடச் சராசரியான கணக்கு உலகத்தில் இருக்க முடியாது. அவர் ஆட்டம் முழுவதையும் தானே வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 4-0 என்று வென்றார். அதற்குப் பிறகுதான் டிரைஸ்டேல் நான்காவதையும், கோஃபாக்ஸ் ஐந்தாவதையும், இரண்டே நாள் ஓய்வில் ஏழாவதையும் வென்றார்கள். பாராட்டெல்லாம் ஏழாவது ஆட்டத்துக்கே போனது. அடுத்த வருடம் கோஃபாக்ஸ் 27-9 வீசிவிட்டு, முழங்கை தேய்ந்துபோய், முப்பது வயதில் ஓய்வு பெற்றார்.

இன்னும் பழைய காலத்தில் இந்தக் கேள்வியே அர்த்தமில்லாதது. 1884-இல் பிராவிடன்ஸ் அணிக்கு இருந்ததே இரண்டு முக்கிய பிட்சர்கள். ஜூலையில் ஒருவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட, மற்றவரான சார்லஸ் ராட்போர்ன் கிட்டத்தட்ட எல்லா ஆட்டங்களையும் தானே வீசி, 59 என்று சிலரும் 60 என்று சிலரும் கணக்கிடும் வெற்றிகளை எடுத்தார். 1905-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் உலகத் தொடரின் எல்லா ஆட்டங்களையும் கிறிஸ்டி மேத்யூசன், ஜோ மெக்கினிட்டி என்ற இருவரை வைத்தே தொடங்கியது. மேத்யூசன் ஆறு நாளில் மூன்று ஆட்டங்களில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அப்போது பேட்டர்கள் எல்லாப் பந்தையும் ஹோம்ரனுக்கு அடிப்பவர்கள் இல்லை. இன்று ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் வீச வேண்டியிருக்கிறது. ஒரு பருவத்தில் 200 இன்னிங்ஸ் வீசுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனாலும் கதை முடிந்துவிடவில்லை. 2023-இல் அதே அரிசோனா வெறும் 84 வெற்றியோடு உள்ளே நுழைந்தது. ஸாக் கேலன் 17-9, மெரில் கெல்லி 12-8, மற்றவர்கள் 55-61. பழைய கதையின் சின்ன அச்சு. உலகத் தொடர்வரை போய்விட்டார்கள். பிலடெல்பியாவுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் கேலனும் இல்லை, கெல்லியும் இல்லை; பிராண்டன் ஃபாட் என்ற புதுப் பையன். அந்த ஆட்டத்தில் வென்றார்கள். உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்துக்கு ஆள் இல்லாமல், ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டு வீசினார்கள். மூன்று இன்னிங்ஸ் முடிவதற்குள் பத்து ரன் போய்விட்டது. ஐந்தாவதில் கேலன் ஆறு இன்னிங்ஸ்வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை, அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. தொடர் போயிற்று.

இனி நம் மலைக்கு வருகிறேன். கோத்தகிரிக்காரர்கள் கேட்டே ஆக வேண்டிய ஒரு கதை அரிசோனாவின் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். அங்குள்ள கொலராடோ ராக்கீஸ் அணி, 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் "நமக்கும் இரண்டு நல்ல பிட்சர்கள் இருந்தால் போதும்" என்று முடிவு செய்து மைக் ஹாம்ப்டனை எட்டு வருடத்துக்கு 12 கோடியே 10 லட்சம் டாலருக்கும், டென்னி நேகிளை ஐந்து வருடத்துக்கு 5 கோடி டாலருக்கு மேலும் கொடுத்து வாங்கியது. அரிசோனா கோப்பை வென்ற அதே 2001-இல் கொலராடோ 73 வெற்றியோடு தன் பிரிவில் கடைசி. ஹாம்ப்டன் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரி ஐந்து ரன்னுக்கு மேல் கொடுத்தார். அடுத்த வருடம் ஆறுக்கு மேல். வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பெரிய காரணம் காற்று.

கர்வ் பால் வளைவது காற்றில்தான். பந்தின் மேல் 108 இரட்டைத் தையல்கள் இருக்கின்றன. (ஆம், 108. நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.) சுழலும் தையல் காற்றைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளுவதால் பந்து எதிர்ப் பக்கம் வளைகிறது. காற்று மெலிந்தால் பிடிமானம் குறையும், வளைவும் குறையும். அடித்த பந்து மட்டும் கூடுதல் தூரம் பறக்கும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், மெக்ஸிகோ சிட்டியின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. கடல் மட்டத்தைவிடக் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. 2023 ஏப்ரலில் சான் டியேகோவும் சான் பிரான்சிஸ்கோவும் மெக்ஸிகோ சிட்டியில் ஆடிய முதல் ஆட்டம் 16-11 என்று முடிந்தது. மொத்தம் 11 ஹோம்ரன். சமவெளியிலிருந்து ஊட்டிக்கு வந்து ஆடிய அணிகளின் பிட்சர்கள் முதல் நாள் முழுவதும் தங்கள் விரலையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு நடக்கப்போவது இதற்கு நேர் எதிர். கோத்தகிரியில் பழகிய கை கோவைக்கு இறங்கினால் காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் கனம் கூடியிருக்கும். பந்து கூடுதலாக வளையும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதல்லவா? நான் அழைத்துப்போன ஓர் அணியின் முதல் இன்னிங்ஸைச் சொல்கிறேன். எங்கள் நல்ல பிட்சர் மலையில் எந்த இடத்தைக் குறிவைப்பானோ அதே இடத்தைக் குறிவைத்தான். ஒவ்வொரு கர்வ் பாலும் தளத்துக்கு ஒரு சாண் முன்னால் மண்ணில் விழுந்து புழுதி கிளப்பியது. ஒரு பேட்டருக்கு நான்கு பந்து குறிதவறினால் அவர் சும்மாவே முதல் தளத்துக்குப் போகலாம்; அப்படி நான்கு பேர் மட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலே நடந்து போனார்கள். பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் முழங்காலில் விழுந்து விழுந்து பந்தைத் தடுத்தான். அவன் கால்சட்டை மூன்றாவது இன்னிங்ஸில் கிழிந்தது. ஆகவே முடிந்தால் ஒரு நாள் முன்பே இறங்குங்கள். இருவரும் ஆளுக்கு இருபது கர்வ் பால் போட்டு, குறியைக் கொஞ்சம் உயர்த்திப் பழகட்டும்.

சூடுபட்ட கதையைச் சொல்வதாகச் சொன்னேன். அது இன்னொரு வருடம். என்னிடமும் இரண்டு நல்ல பையன்கள் இருந்தார்கள், மூன்றாவதாக யாரையும் நான் தயார் செய்யவில்லை. இரண்டாம் நாள் ஒருவனுக்குக் காய்ச்சல். முதல் நாள் முழு ஆட்டம் வீசியிருந்த பதினாறு வயதுப் பையனிடம் "இன்றைக்கும் வீசுவாயா?" என்று கேட்டேன். அந்த வயதில் எந்தப் பையன் மாட்டேன் என்பான்? நான்காவது இன்னிங்ஸில் பந்து போட்டதும் கையை ஒரு மாதிரி உதறினான். நான் பார்த்தேன். பார்த்தும் இன்னொரு இன்னிங்ஸ் விட்டேன். வென்றோம். பஸ்ஸில் பர்லியாறு தாண்டும்போது அவனால் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை, இடது கைக்கு மாற்றிக் குடித்தான். அவன் அதற்குப் பிறகு பிட்சராக ஆடவே இல்லை. அந்தக் கோப்பை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட இப்போது எனக்குத் தெரியாது.

அதனால் உங்கள் நான்கு நாளைக் கை கணக்கில் வைத்துப் பேசுவோம். அமெரிக்கப் பெரிய லீக்கும் அந்நாட்டு பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து சிறுவர்களுக்காக ஒரு வரையறை வைத்திருக்கின்றன. 15, 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 76 அல்லது அதற்கு மேல் போனால் நான்கு நாள் ஓய்வு. 46 முதல் 60 வரை என்றால் இரண்டு நாள். 31 முதல் 45 வரை என்றால் ஒரு நாள். 30 வரை என்றால் ஓய்வு நாள் தேவையில்லை. அதாவது உங்கள் இருவரும் முழு ஆட்டம் வீசினால் ஆளுக்கு ஒரே ஆட்டம்தான். முதல் இரண்டு நாளில் அவர்களைச் செலவழித்துவிட்டால் மூன்றாம் நாள் அரையிறுதியில் யார் மேடேறுவது? பெரும்பாலான மலை அணிகள் மூன்றாம் நாளில் தோற்பது இதனால்தான்.

நானாக இருந்தால் தலைகீழாகச் செய்வேன். முதல் நாள் இடதுகைப் பையனைத் தொடங்க விடுவேன். 60 பந்து எட்டியதும் எடுத்துவிடுவேன், அவன் நன்றாக வீசிக்கொண்டிருந்தாலும் சரி. மீதியை உங்கள் முதல் பிட்சர் 30 பந்துக்குள் மூடட்டும். மூடவில்லையென்றால் எல்லையில் நின்று நேராகக் கேட்சர் கைக்குப் பந்து எறியும் பையன் ஒருவன் எல்லா அணியிலும் இருப்பானே, அவன் வரட்டும். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களைவிட இந்த எல்லைக் காவலர்கள்தான் சீக்கிரம் பிட்சர் ஆகிறார்கள். கிரிக்கெட்டில் பந்தை எறிந்தால் நோ பால், இங்கே எறிவதுதான் ஆட்டமே. இரண்டாம் நாள் உங்கள் இரண்டாவது பிட்சர் 45 பந்து, மீதி அந்த எல்லைப் பையனும் மற்றவர்களும். இந்த இரண்டு நாளில் ஒன்றைத் தோற்றாலும் லீக்கில் உயிர் இருக்க வாய்ப்புண்டு. மூன்றாம் நாள் அரையிறுதி முழுவதும் முதல் பிட்சர். இறுதி ஆட்டத்தில் ஒரு நாள் ஓய்வு முடிந்த இரண்டாவது பிட்சர் தொடங்குவார், இரண்டு நாள் ஓய்வு முடிந்த இடதுகைப் பையன் பின்னால் நிற்பான். கேட்சரை எந்தக் காரணத்துக்காகவும் அன்றே பிட்சர் ஆக்காதீர்கள்.

அந்த இடதுகைப் பையனை இந்தச் சனிக்கிழமையிலிருந்தே தயார் செய்யுங்கள். காலை ஒன்பதுக்கே தொடங்குங்கள், மதியம் மேகம் இறங்கினால் கேட்சருக்குப் பந்து தெரியாது. முதல் வாரம் 30, அடுத்த வாரம் 40, பிறகு 50. எதிரே யாரையாவது மட்டையோடு நிறுத்துங்கள், வெறும் கேட்சருக்குப் போடுவது வேறு, ஆள் நிற்கும்போது போடுவது வேறு. ஒரு நோட்டில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போட ஒருவரை உட்கார வையுங்கள். பக்கத்துச் செடிக்குள் போன பந்து பனியில் நனைந்து கனத்துத் திரும்பி வரும், தையலில் விரல் வழுக்கும். துடைக்க ஒரு பழைய துண்டையும் எடுத்துப்போங்கள்.